புன்னைக்குடாவிலிருந்து சவுக்கடி வரை



இந்த இலக்கியத் தொடரில் எனக்கு முன் பேசியவர்கள் நூல்களைப் பற்றியும் நூலாசிரியர்களைப் பற்றியும் பேசினார்கள். நான் இன்று ஒரு விடுமுறையைப் பற்றிப் பேசப் போகிறேன். அது பெரிய பயணமல்ல. அதற்குக் கடவுச்சீட்டும் தேவைப்படவில்லை, ரயிலில் இடம் பதிவு செய்ய வேண்டியும் இருக்கவில்லை. ஏறாவூரிலிருந்து புறப்பட்டு ஏறாவூருக்கே திரும்பி வந்த மூன்று நாட்கள். கடற்கரையில் நடந்தோம், கடையில் சாப்பிட்டோம், ஒரு படம் பார்த்தோம். இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். எங்கள் ஊரில் இந்த மூன்றையும் ஒரே விடுமுறையில் செய்து முடிக்க எங்களுக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் எடுத்தன.

2023ஆம் ஆண்டு மே மாதம். அந்த வருடம் வெசாக் பௌர்ணமி 5ஆந் திகதி வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாளும் விடுமுறை, அதற்கடுத்தது ஞாயிறு. கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் என் மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருந்தார்கள். மருமகனுக்கு நுவரெலியா போகும் ஆசை. ஆனால் முந்திய ஆண்டு எரிபொருள் வரிசைகளில் கிடந்து எழும்பிய நாடு இது. பெற்றோல் அப்போதும் கோட்டாவில்தான் கிடைத்துக் கொண்டிருந்தது. விடுதி வாடகையைக் கேட்டால் மலை ஏறாமலே மூச்சு வாங்கியது. எங்கே போவது என்று வீட்டு முற்றத்தில் ஒரு மாநாடே நடந்தது.

அப்போது, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. என் ராத்தாவின் குரல். ராத்தாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முழங்கால் வருத்தம் வேறு. பள்ளிவாசலுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகவே ஆட்டோ கேட்பவர்.

"நுவரெலியாவில என்ன கிடக்கு? குளிரும் கோவாவும்தானே. புன்னைக்குடாவுக்குப் போவம். மறுகா அப்படியே கரையால சவுக்கடி மட்டும் நடப்பம். நானும் வாறன்."

எல்லோரும் சிரித்தோம். ராத்தா சிரிக்கவில்லை.

நேயர்களே, ஏறாவூரைத் தெரியாதவர்களுக்காக ஒரு சொல். மட்டக்களப்பிலிருந்து வடக்கே, திருகோணமலை வீதியில் இருக்கிறது எங்கள் ஊர். மேற்கே வாவி, கிழக்கே கடல். ஊரின் நடுவிலிருந்து புன்னைக்குடா வீதியைப் பிடித்துக் கிழக்கே போனால் வீதி கடலில் முடியும். அந்தக் கரையோரமாகத் தெற்கே நடந்தால் சவுக்கடி. புன்னை, சவுக்கு என்று மரங்களின் பெயரைத் தாங்கி நிற்கும் இரண்டு கரைகள். ஒன்று முஸ்லிம்கள் வழக்கமாகக் கடல் பார்க்கப் போகும் இடம். மற்றது தமிழ் மக்கள் வாழும் கரையோரக் கிராமம். இடையில் இருப்பது மணல் மட்டுந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பொழுது சாயும் நேரம் மட்டக்களப்புக்குப் போனோம். பிள்ளைகளுக்குப் பாடும் மீனைக் காட்ட வேண்டும் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். மீனைக் காட்ட முடியாது, கேட்கத்தான் முடியும் என்று திருத்தினாள் பேத்தி. கல்லடியில் இப்போது இரண்டு பாலங்கள் நிற்கின்றன. 1924இல் திறக்கப்பட்ட பழைய மனிங் சீமாட்டி பாலமும், 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும். பழைய பாலத்தின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கிழக்கே கடலுக்கு மேலாக வெசாக் நிலா செப்புத் தட்டுப்போல் ஏறி வந்தது.

பாடும் மீனைப் பற்றி நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையில், பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் வீணை நரம்பை மீட்டுவதுபோன்ற ஓசை கேட்கும் என்பார்கள். ஆங்கிலேய ஆட்சிக்காலத்தில் இங்கு வந்து அந்த ஓசையைக் கேட்ட எமர்சன் டெனன்ற், 1859இல் வெளியான தமது நூலில் அதை எழுதி வைத்தார். மீனல்ல, ஊரிதான் அப்படி ஒலிக்கிறது என்பது நமது வாவிக்கரை மக்களின் பழைய நம்பிக்கை. விபுலாநந்த அடிகளாரோ அந்த இசையை நீரர மகளிரோடு சேர்த்துக் கண்டார். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த லாங் அடிகளார் என்ற அமெரிக்கக் குரு அந்த ஓசையைப் பதிவு செய்தார். இலங்கை வானொலியும் அதை ஒலிபரப்பியது. இதே வானொலிதான் நேயர்களே. வாவிக்கடியில் கிடந்த ஓர் ஓசையைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கேட்க வைத்தது நமது பெட்டி.

அன்று எங்களுக்கு மீன் பாடவில்லை. புதிய பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள்தாம் பாடின. பேரன் கைத்தொலைபேசியில் தேடி எடுத்து, "இதுதான் மூத்தாப்பா" என்று ஏதோ ஓர் இரைச்சலைக் கேட்க வைத்தான். ராத்தா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "எனக்குக் கேட்டது" என்றார். நாங்கள் தர்க்கிக்கவில்லை.

பிறகு கல்லடியில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். வயதான தமிழ் அம்மா ஒருவர் வாசலிலேயே அடுப்பை வைத்துக் குழல் பிட்டு அவித்துக் கொண்டிருந்தார். பேரன் கோழிக் கொத்துரொட்டி கேட்டான். வெசாக் என்றபடியால் எங்கும் இறைச்சி இல்லை. அன்றைக்குச் சகல சமயத்தவருக்கும் மீன்தான். இறால் குழம்பு, கத்தரிக்காய்ப் பாற்கறி, சம்பல். எங்கள் உணவு இது, உங்கள் உணவு அது என்ற கேள்விக்கே இடமில்லாத ஒரு மேசை.

பேத்தி அடுப்பருகில் போய் நின்று கேட்டாள்: "ஏன் பெரியம்மா, இடைக்கிடை தேங்காய்ப்பூப் போடுறீங்க?"

"போடாட்டி எல்லாம் ஒண்டாக் கட்டிபட்டுப் போகும் மகள். தேங்காய்ப்பூ கிடந்தாத்தான் வேண்டின இடத்தில வடிவா முறியும்."

நான் கையிலெடுத்த பிட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள் என்று நாங்கள் மேடை மேடையாகச் சொல்லி வந்திருக்கிறோம். நானும் பாடசாலை விழாக்களில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தேங்காய்ப்பூ அங்கே என்ன வேலை செய்கிறது என்று பிட்டு அவிப்பவரிடம் ஒரு நாளாவது கேட்டதில்லை. அது ஒட்ட வைப்பதற்கல்ல. ஒரே குழலில், ஒரே ஆவியில் வேகும்போது ஒன்று மற்றொன்றோடு இறுகிக் கல்லாகிவிடாமல் காப்பதற்கு. பழைய உவமைதான். சமைப்பவரின் வாயால் கேட்கும்போது அதன் பொருள் எனக்கு மாறிப் போயிற்று.

அடுத்த நாள் அதிகாலை, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புன்னைக்குடாவுக்குப் போனோம். கடல் ஏரிபோலக் கிடந்தது. நமது கிழக்குக் கரையில் மாரியில் குமுறும் கடல், வைகாசியில் இப்படித்தான் அடங்கிக் கிடக்கும். ஒரு பக்கம் கடலிலிருந்து சூரியன் எழும்பிக் கொண்டிருந்தது. மறுபக்கம் தென்னைகளுக்கு மேலே நேற்றைய நிலா வெளுத்துப்போய் இறங்கிக் கொண்டிருந்தது. பௌர்ணமிக்கு அடுத்த விடியலில் மட்டும் கிடைக்கும் காட்சி இது. பேத்தி இரண்டு கைகளையும் விரித்து, ஒரு கையில் சூரியனையும் மறு கையில் நிலாவையும் பிடித்துக்கொண்டு படம் எடுக்கச் சொன்னாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நனைந்த மணலில் நடந்தோம். கரையில் அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடந்தது. இராவணன் மீசைப் பந்துகள் காற்றில் உருண்டன. பிள்ளைகள் மணல் நண்டுகளைத் துரத்தினார்கள். ராத்தா ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானையின் ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முடிச்சில் என்ன என்று பேரன் இரண்டு தரம் கேட்டான். "அமானிதம்" என்றார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

வழியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பிள்ளைகள் பார்த்ததில்லை. தோணியில் வலையை ஏற்றிச் சென்று கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு நுனிக் கயிறுகளையும் கரைக்குக் கொண்டுவந்து, இரண்டு அணியாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நெருங்கி வரும். கடைசியில் மடி கரையேறும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். மருமகனும் பேரனும் ஒரு கயிற்றில் கை வைத்தார்கள். கைத்தொலைபேசிக்குப் பழகிய உள்ளங்கை பத்து நிமிடத்தில் சிவந்து போயிற்று. பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சூடையும் நெத்தலியும், இரண்டு பாரைக் குட்டிகளும். அங்கே கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுவனைப் பார்த்ததும் எனக்கு மூதூர் வ.அ.இராசரத்தினத்தின் நினைவு வந்தது. 1962இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற அவருடைய 'தோணி' தொகுதியை வாசித்தவர்களுக்குத் தெரியும், தனக்கென்று ஒரு தோணி வேண்டுமென்று ஏங்குகிற மீனவச் சிறுவனை. கரை மாறவில்லை. அந்த ஏக்கமும் மாறியதாகத் தெரியவில்லை.

கொஞ்சத் தூரம் போனதும் பேரன் கேட்டான்.

"மூத்தம்மா, உங்கட வீட்டில இருந்து இவ்வளவு கிட்டத்தானே கடல். ஏன் இவ்வளவு காலமும் வரல்ல?"

"பயம் மகன்."

"ஆருக்குப் பயம்?"

"எங்களுக்கு அவங்களைப் பயம். அவங்களுக்கு எங்களப் பயம்."

பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது எங்கள் தலைமுறையின் பெரிய குழப்பம். சொன்னால் பகையை ஊட்டுகிறோமோ என்று அச்சம். சொல்லாவிட்டால் பொய்யை ஊட்டுகிறோமோ என்று அச்சம். அன்று மணலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது நான் இரண்டையும் சேர்த்தே சொன்னேன். 1990 ஜூன் 11ஆந் திகதி யுத்தம் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் 11ஆந் திகதி இரவு தொடங்கி 12ஆந் திகதி விடிவதற்குள் எங்கள் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல், விடுதலைப் புலிகள் கொன்றார்கள். ராத்தாவின் கணவருடைய தம்பி அந்த இரவில் போனவர். அடுத்த மாதம், செப்ரெம்பர் 20ஆந் திகதி, நாங்கள் நடந்துபோகும் இதே சவுக்கடியில் முப்பதுக்கு மேற்பட்ட தமிழர்கள், அங்கும் குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். அந்த ஊர் அவர்களை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. நாங்களும் எங்களவர்களை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். நாற்பது நாள் இடைவெளியில், ஒரே கரையில்.

பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். பிறகு பேத்தி எழுந்து ராத்தாவின் மறு பக்கத்துக்குப் போய், முடிச்சைப் பிடித்திருந்த கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு நடந்தாள்.

சவுக்கடிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மருமகனின் கைத்தொலைபேசி ஏழாயிரம் அடி நடந்ததாகக் கணக்குச் சொன்னது. ஒரு தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் பிளேன்டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அங்கேதான் ராத்தா முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஐம்பது ரூபாத் தாள் ஒன்றும் பத்து ரூபாக் குற்றி ஒன்றும் இருந்தன. அறுபது ரூபா.

கதை இதுதான். 1990 ஜூன் மாதத் தொடக்கம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும். சவுக்கடியிலிருந்து தலையில் பெட்டியோடு வந்து எங்கள் ஒழுங்கையில் கஜு விற்கும் ஓர் அக்கா. வேண்டாம் என்றாலும் விடமாட்டார். "பெருநாளைக்கு வட்டிலப்பம் போடுவாதானே தங்கச்சி, எடு, காசு மறுகா தா" என்று அறுபது ரூபாக் கஜுவை ராத்தாவின் மடியில் கொட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் யுத்தம். கஜுக்கார அக்கா பிறகு வரவில்லை. ராத்தாவும் போகவில்லை.

2002இல் போர்நிறுத்தம் வந்தபோது போவோம் என்று நினைத்தார், துணைக்கு ஆளில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி இந்தக் கரையை வழித்துக்கொண்டு போனது. அந்த அக்கா மௌத்தாகியிருப்பார் என்று முடிவு செய்து, அந்த அறுபது ரூபாவை அவர் பேரில் ஓர் ஏழைக்குக் கொடுத்தார். ஆனாலும் மனம் ஆறவில்லை. 2007இல் கிழக்கிலும் 2009இல் நாடு முழுவதிலும் யுத்தம் ஓய்ந்தது. போகலாம் போகலாம் என்று நாள் போயிற்று. 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பர்தாவோடு ஓர் அயலூருக்குள் போய் விசாரிக்கும் துணிவு யாருக்கும் இருக்கவில்லை. பிறகு கொரோனா, பிறகு பெற்றோல் வரிசை. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. எல்லாமே உண்மையான காரணங்கள்.

தேத்தண்ணிக் கடைக்காரர் ராத்தாவின் விசாரணையை முழுவதும் கேட்டார். அடையாளம் சொல்ல ராத்தாவிடம் இருந்தவை மூன்று: வலப்புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு, கஜுப் பெட்டி, உரத்த குரல். கடைக்காரர் குரலைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அவ இருக்கா. ஆனா இஞ்ச இல்ல. சுனாமிக்குப் பிறகு மகளோட செங்கலடிக்குப் போயிட்டா. சந்தைக்குப் பின்னால வீடு."

நேயர்களே, செங்கலடி எங்களுக்கு அடுத்த ஊர். ஏறாவூர் முடியுமிடத்தில் செங்கலடி தொடங்குகிறது. இரண்டு மூன்று கிலோ மீற்றர். பதினெட்டு ஆண்டுகளாக அந்த அக்கா அங்கே இருந்திருக்கிறார். ராத்தா மாதத்துக்கு ஒரு தடவையாவது செங்கலடிச் சந்தைக்குப் போய் வருபவர். இருவரும் ஒரே வெங்காயக் கடையில் நின்றிருக்கக்கூடும். ராத்தா தேநீரை வைத்துவிட்டு, "அல்லாஹ்வே, மூக்குக்கு முன்னால" என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரம் வீட்டில் ஒரு பொருளாதார ஆய்வரங்கு நடந்தது. அறுபது ரூபாவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வெட்கமில்லையா என்றாள் என் மகள். பேரன் கணக்குப் போட்டான். 1990இல் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 40 ரூபா. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு அது 300ஐத் தாண்டிவிட்டது. ஆகவே அறுபது ரூபா என்பது நானூற்றைம்பது ரூபாவுக்கும் மேல் என்றான். மருமகன் வங்கிக்காரர். முப்பத்து மூன்று வருடக் கூட்டு வட்டியைச் சேர்த்தால் என்று தொடங்கினார். "வட்டி ஹறாம் மருமகன்" என்று ராத்தா அந்த ஆய்வை அத்தோடு முடித்து வைத்தார். பிறகு அவர் சொன்னதைத்தான் நான் இந்த வானொலியில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"அந்த வருசம் பட்ட கணக்கு எவ்வளவோ கிடக்கு. அது எல்லாம் அல்லாஹ்ட கையில. அதத் தீர்க்க என்னால ஏலா. இந்த அறுவது ரூபா மட்டும்தான் என்ட கையில கிடக்கு."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் படம். செங்கலடியில் உள்ள படமாளிகையில் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம். ஏப்ரில் 28இல்தான் வெளியாகியிருந்தது. படமாளிகைக்குப் போவது எங்கள் ஊரில் எல்லா வீடுகளிலும் ஒப்புக்கொள்ளப்படும் விடயமல்ல. ராத்தாவும் ஒப்புக்கொள்ளாதவர்களில் ஒருவர். ஆகவே ஏற்பாடு இலகுவாயிற்று. போகும் வழியில் சந்தைக்குப் பின்னால் அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் ஓர் முதிய பெண் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். ராத்தா படலையில் நின்று, "கஜு இருக்கா அக்கா?" என்றார். அந்த அம்மா நிமிர்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பாக்குவெட்டியைக் கீழே வைத்தார்.

"வந்திட்டியாகா?" என்றார். "இரிகா."

அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த அழுகையோ கட்டிப்பிடிப்போ ஒன்றும் நடக்கவில்லை. ராத்தா திண்ணையில் உட்கார்ந்தார். எங்களைப் பார்த்து, "நீங்க போங்க, படம் தொடங்கப் போகுது" என்றார். எங்களை அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் அந்தக் குரலில் இருந்தது.

படத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கல்கி 1950இலிருந்து 1954 வரை தொடராக எழுதிய நாவல் அது. எங்கள் பாடசாலை நூலகத்தில் பைண்ட் செய்து வைத்திருந்த தொகுதிகளை வரிசையில் நின்று இரவல் வாங்கி வாசித்தவன் நான். என் மனதில் இருந்த பூங்குழலிக்குத் திரையில் வந்தவர் ஈடாவாரா என்று முதல் அரைமணி நேரம் மனது சண்டை பிடித்தது. பேத்திக்கு அந்தச் சண்டை இல்லை. "தோணியில இலங்கைக்கு வந்த அக்கா" என்று கண்டதும் அடையாளம் கண்டுகொண்டாள். அவளுக்கு அதுதான் படம்.

எனக்கு, படத்தைவிட படமாளிகைதான் நெஞ்சில் நின்றது. இளவயதில் மட்டக்களப்புக்குச் சைக்கிளில் போய் இரண்டாங் காட்சி பார்த்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு நடு இரவில் ஊருக்கு வந்தவர்கள் நாங்கள். 1990க்குப் பிறகு பொழுதுபட்டால் வீதி வெறிச்சோடியது. அந்த ஆண்டுகளில் எங்களுக்குப் படம் என்பது பழைய நினைவுதான். வானொலியின் ஒலிச்சித்திரத்தில் வசனங்களைக் கேட்டுக் கேட்டு மனத்திரையில் படம் ஓட்டப் பழகியிருந்த தலைமுறை என்பதால் அதையும் தாங்கிக்கொண்டோம். இப்போது அதே வீதியில், இருட்டில், பக்கத்து வரிசையில் ஒரு தமிழ்க் குடும்பமும் எங்கள் வரிசையில் நாங்களும் ஒரே பகிடிக்குச் சிரித்தோம். இடைவேளையில் கச்சான் கொட்டைப் பொட்டலம் கைமாறியது. யார் வாங்கியது யார் சாப்பிட்டது என்ற கணக்கு இல்லை. இருட்டில் பயமில்லாமல் இரண்டரை மணித்தியாலம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பதை, அதை இழந்தவன்தான் அறிவான்.

படம் முடிந்து திரும்பிவந்து பார்த்தபோது இரண்டு கிழவிகளும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அறுபது ரூபா அல்ல, நாற்பதுதான் என்கிறார் அந்த அக்கா. இல்லை, அறுபதுதான் என்கிறார் ராத்தா. கடன் கொடுத்தவர் குறைத்துச் சொல்ல, கடன்பட்டவர் கூட்டிச் சொல்லும் வழக்கை நான் எந்த நீதிமன்றத்திலும் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் அந்த அக்கா அறுபது ரூபாவையும் வாங்கினார். நானூற்றைம்பதை அல்ல, அறுபதை. வாங்கிக் கண்ணில் ஒற்றி, கொட்டப்பெட்டிக்குள் வைத்தார். "வாங்காட்டி இவட மனம் கிடந்து வேகும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இரண்டு பேரும் 1990ஐப் பற்றிப் பேசினார்களா என்று நான் பிறகு ராத்தாவிடம் கேட்டேன். "அவட மகன் ஒருத்தன். எங்கட மச்சினர் ஒருத்தர். சொன்னம். மறுகா வெத்திலை போட்டம்" என்றார்.

புறப்படும் நேரம், அந்த அக்கா உள்ளே போய் ஒரு பொலித்தீன் பை நிறையக் கஜு கொண்டுவந்து ராத்தாவின் மடியில் வைத்தார். ராத்தா பதறிப்போய்க் காசு எவ்வளவு என்று கேட்டார்.

"அடுத்த மாசம் ஹஜ்ஜுப் பெருநாள்தானே. வட்டிலப்பம் போடுகா. காசு மறுகா கொண்டா."

வாகனத்தில் வரும்போது ராத்தா மடியில் பையை வைத்துக்கொண்டு, "பாத்தியா தம்பி, திரும்பவும் என்னைக் கடன்காரியாக்கிப் போட்டாள்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும்.

அந்த வருடம் ஜூன் மாதக் கடைசியில் பெருநாள் வந்தது. மறுநாள் ராத்தா வட்டிலப்பக் கிண்ணத்தோடு ஆட்டோவில் செங்கலடிக்குப் போனார். காசையும் கொடுத்தார். ஆனால் முழுவதையும் கொடுக்கவில்லை. நூறு ரூபா மிச்சம் வைத்திருக்கிறார். கடனோடு மௌத்தாகக் கூடாது என்பது எங்கள் மார்க்கம். அது ராத்தாவுக்குத் தெரியாததல்ல. தான் கண்ணை மூடினால் அந்த நூறு ரூபாவைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவன் நான் என்று வஸிய்யத்துச் செய்து, கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறார். நானும் இல்லாவிட்டால் பேரன் கொடுக்க வேண்டுமாம். அவனுக்கு இப்போது வீடு தெரியும். சந்தைக்குப் பின்னால்.